தலையில் விழுந்த வளையம்

ஹூஸ்டன் போனா நாசாவைப் பார்க்காம வராதேன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. நீங்க இன்னொரு இடத்தையும் லிஸ்ட்ல சேர்த்துக்கோங்க. ஊருக்கு நடுவுல கப்பல் மாதிரி நிக்கிற ஜார்ஜ் ஆர். பிரவுன் கன்வென்ஷன் சென்டர். ஃபர்ஸ்ட் அமைப்போட ரோபோ போட்டியின் உலக சாம்பியன்ஷிப் நடக்கிற இடம். நான் போனது 2024 ஏப்ரல்ல.

பிட் ஏரியாவுக்குள்ளே கால் வைக்கணும்னா, முதல்ல கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டணும். உள்ளே ஸ்பானரும் லேப்டாப்புமா அலையறது எல்லாம் ஸ்கூல் பசங்க. 2024-ல பம்பர், பேட்டரி தவிர்த்தே 57 கிலோ வரைக்கும் கனமா இருந்த ரோபோக்கள். (நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எங்கேர்ந்து வருதுங்கிற கதை இங்கே வேண்டாம்!)

அந்த வருஷ ஆட்டத்துக்குப் பேரு க்ரெசெண்டோ. இந்தப் பக்கம் மூணு ரோபோ, அந்தப் பக்கம் மூணு. இரண்டரை நிமிஷம். 14 அங்குல ஆரஞ்சு ஃபோம் வளையங்களைக் கவ்விட்டுப் போய், உயரத்துல இருக்கிற 'ஸ்பீக்கரு'க்குள்ளே வீசணும். பார்க்க ஈஸி. சிக்கல் ஒரே ஒரு வரியிலதான்: ஒரு ரோபோவோட கட்டுப்பாட்டுல ஒரு நேரத்துல ஒரு வளையம்தான் இருக்கலாம்.

சரி, 'கட்டுப்பாடு'ன்னா என்ன? வழியில கிடந்த வளையம் பம்பர்ல இடிச்சு நகர்ந்தா, அது கணக்கில்லை. எங்கேயோ பட்டுத் தெறிச்சு வந்து மோதினாலும் கணக்கில்லை. அதே வளையத்தை வேணும்னே ஒரு திசையில தள்ளிட்டுப் போனா, கணக்கு உண்டு. தூக்கவே வேணாம், மாடு ஓட்டற மாதிரி ஓட்டினாலே போதும்! அது வேணும்னா, தற்செயலான்னு ரெஃப்ரி நின்ன இடத்துலேயே முடிவு பண்ணணும். வீடியோ பார்க்கிற பழக்கமே அந்த வருஷம் அங்கே இருக்கலை.

ஆனா மேலே விழுந்து சிக்கிக்கிட்டா? அங்கேதான் ஒரு டீம் மாட்டிச்சு. கூட்டாளி ரோபோ வீசின வளையம் குறி தப்பி, இவங்க ரோபோ தலையில மாலை மாதிரி விழுந்து உட்கார்ந்துடுச்சு. உள்ளே ஏற்கனவே ஒண்ணு. அதைக் கவனிக்காம டிரைவர் ஓட்டிட்டே இருக்க, ஃபவுல். எதிரணிக்கு ரெண்டு பாயின்ட். தோத்தது ஒரே ஒரு பாயின்ட்ல.

முடிவைப் பத்திக் கேட்கணும்னா, மைதானத்து ஓரத்துல இருக்கிற கேள்விக் கட்டத்துல போய் நிக்கணும். அணியிலேர்ந்து ஒரு ஸ்டூடன்ட் மட்டும்தான் போகலாம். வாத்தியாரோ அப்பா அம்மாவோ போய்ப் பேச முடியாது. பதினாறு வயசு இருக்கும், ஒரு பொண்ணு போய் நின்னா. நான் கேலரியில நகத்தைக் கடிச்சிட்டிருந்தேன். தானா விழுந்ததுக்கு எங்களுக்கு ஏன் தண்டனைன்னுதான் எனக்கும் தோணிச்சு. அப்புறம் ரூல் புக்கைப் புரட்டினா, அதுக்கும் பதில் இருக்கு. சிக்கின வளையமும் கட்டுப்பாட்டுல இருக்கிறதாதான் அர்த்தம். தெரியாமக்கூட ரெண்டாவது வளையம் மாட்டாதபடி ரோபோவை வடிவமைக்கிறது உங்க வேலை. கொடுமைதான். ஆனா நம்ம வாத்தியாருங்க ஒருத்தர்கூட இப்படி டிசைன் சொல்லித் தந்ததில்லை.

பொண்ணு ரெண்டே நிமிஷத்துல திரும்பி வந்தா. தலையை ஆட்டினா, அவ்ளோதான். ஸ்கோர் மாறலை. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்க பிட் பக்கம் போய்ப் பார்த்தேன். ஒருத்தன் பாலிகார்பனேட் தகடு அறுத்துட்டிருந்தான். அவ ரோபோ தலைமேல சாய்வா அளவெடுத்துட்டு இருந்தா, வளையம் விழுந்தா வழுக்கிட்டுப் போற மாதிரி.