தங்கமணியின் கறுப்பு கோட்டு

போன மாசம் வரைக்கும் எங்க வீட்டுல ரெண்டு விதமான ஆணி. எனக்கு ஓ.எம்.ஆர்-ல பொட்டி தட்டுற ஆணி. தங்கமணிக்கு ஹைகோர்ட்டுல வாய்தா வாங்குற ஆணி. இப்போ ரெண்டு பேரும் ஒரே ரோட்டுல, ஒரே டிராஃபிக்ல :-)

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அஞ்சு வருஷமா ஒரு சீனியர்கிட்ட ஜூனியரா இருந்தா. நல்ல மனுஷர், சட்டம் சொல்லிக் கொடுக்கறதுல கஞ்சத்தனமே கிடையாது. சம்பளம்தான்... ஹிஹி. ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில மாசம் 20,000, மத்த ஊர்கள்ல 15,000 குறைஞ்சபட்சம் கொடுக்கணும்னு 2024-ல தமிழ்நாடு பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டுச்சு. அந்தப் பேச்சை எடுத்தா சார் சிரிச்சுக்கிட்டே காபி வாங்கித் தருவாராம்.

அப்பத்தான் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியோட சட்டப் பிரிவுல ஆள் எடுக்கறாங்கன்னு தெரிஞ்சுது. இண்டர்வியூவுக்குத் தயார் பண்ண வாத்தியார் யாரு? சாட்சாத் நானேதான். ஜிபிஎல் உரிமத்துல இருக்கற கோடை நம்ம சாஃப்ட்வேரோட கலந்து வெளிய கொடுத்தா, நம்ம சோர்ஸ் கோடையும் அதே உரிமத்துல கொடுக்க வேண்டி வரும்னு ராத்திரி பதினோரு மணிக்கு விளக்கிக்கிட்டு இருந்தேன். "அப்ப நீ நெட்டுலேருந்து எடுத்து ஒட்டுறதுக்கெல்லாம் உரிமம் பாத்துட்டுத்தான் ஒட்டுறியா?"ன்னு ஒரு கேள்வி. அவ்வ்வ்வ்... வகுப்பு அத்தோட முடிஞ்சுது.

இண்டர்வியூ மூணு ரவுண்டு. முதலும் கடைசியும் சும்மா பேச்சு. நடுவுலதான் விஷயம். சட்டப் பிரிவோட தலைவி ஒரு ஒப்பந்தத்தை நீட்டி, "இதுல என்ன பிரச்சினை?"ன்னு கேட்டிருக்காங்க. நஷ்டம் எவ்வளவு ஆனாலும் கம்பெனியே முழுசா கொடுக்கணும்னு அதுல ஒரு ஷரத்து. இவ உடனே 1872 ஒப்பந்தச் சட்டம், 73-வது பிரிவு, எங்கேயோ தொலைவுல விளையுற நஷ்டத்துக்கு ஈடு கேக்க முடியாது, கோர்ட்டுல இப்படி வாதாடலாம்னு பொளந்து கட்டியிருக்கா.

அந்தம்மா பொறுமையா கேட்டுட்டு, "கேஸ்ல நீங்க ஜெயிச்சுடுவீங்க. ஆனா எனக்கு அந்தக் கேஸே வரக்கூடாது. நாளைக்கு கையெழுத்து ஆகணும், சேல்ஸ் பையன் வாசல்ல நிக்கறான். இந்த வரியை எப்படி மாத்துவீங்க?"ன்னாங்களாம்.

ஒரு நிமிஷம் பேச்சே வரலையாம். அப்புறம், பொறுப்புக்கு உச்சவரம்பு பன்னிரண்டு மாசக் கட்டணம், ரகசியத் தகவலை வெளிய விட்டா மட்டும் அந்த வரம்பு கிடையாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கா. வீட்டுக்கு வந்து, "அஞ்சு வருஷமா சண்டை போட மட்டும்தான் கத்துக்கிட்டிருக்கேன் போல"ன்னா. வேலை கெடைக்காதுன்னே நெனச்சோம். கெடைச்சுது.

ஆர்டர் கையில வந்தப்புறம்தான் சிக்கல். எனக்கு இது அதுவரைக்கும் தெரியாது. பார் கவுன்சில் விதி 49-ன் படி, முழுநேரச் சம்பள வேலைக்குப் போற வக்கீல் அதைக் கவுன்சிலுக்குத் தெரிவிச்சுட்டு, அந்த வேலையில இருக்கற வரைக்கும் தொழிலை நிறுத்திக்கணும். கட்சிக்காரர் பேசினதை வெளிய சொல்லாம இருக்க வக்கீல்களுக்கு உள்ள பாதுகாப்பு, கம்பெனிச் சம்பளத்துல இருக்கறவங்களுக்கு அதே அளவுக்குக் கிடையாதுன்னு 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு.

"உனக்கென்ன, எத்தனை கம்பெனி மாறினாலும் நீ எஞ்சினியர். நான் இதுல சேர்ந்தா வக்கீல் இல்ல"ன்னா. வேலையை விட்டா திரும்ப விண்ணப்பிச்சு வரலாமேன்னு சொன்னேன். பதிலுக்கு ஒரு பார்வை. வாயை மூடிக்கிட்டேன்.

மாமனாருக்கு போன்ல சொன்னப்ப எதிர்ப்பக்கம் சத்தமே இல்ல. இவ பதிவு பண்ணிக்கிட்ட அன்னிக்கு தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்த மனுஷர். இன்னிக்கும் ஊர்ல அவரை "வக்கீலம்மா அப்பா"ன்னுதான் கூப்பிடறாங்க. கடைசியில, "அந்தக் கோட்டை என்னம்மா பண்ணுவ?"ன்னு மட்டும் கேட்டார்.

பார் கவுன்சில் ஆபீஸ் ஹைகோர்ட் வளாகத்துலயேதான் இருக்கு. அரை நாள் லீவு போட்டுட்டு நானும் கூடப் போனேன். விண்ணப்பத்தைக் கொடுத்துட்டு வெளிய வரும்போது ஒரு போன். பாகப்பிரிவினை கேஸ் பாட்டி. "வக்கீலம்மா, வாய்தா என்னிக்கு?" தேதி சொன்னா. அன்னிக்கு தான் வரமாட்டேன், சார் ஆபீஸ்லேருந்து வேற ஒருத்தர் வருவாங்கன்னும் சொன்னா. "நீ ஏன் கண்ணு வரல, உடம்புக்கு முடியலையா?"ன்னு பாட்டி கேட்டது எனக்கே கேட்டுச்சு.

அன்னிக்கு சாயங்காலம் அவ ஸ்கூட்டியில ஒட்டியிருந்த வக்கீல் ஸ்டிக்கரை நான்தான் சுரண்டினேன். நகத்துல வரல, தேங்கா எண்ணெய் தடவி ஊற வெச்சேன். ஸ்டிக்கர் வந்துடுச்சு. பசை மட்டும் அந்த வடிவத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கு. டின்னர் வாங்கித் தேய்க்கறேன்னு சொன்னதுக்கு, "இருக்கட்டும் விடு"ன்னுட்டா.