கூரை நிதி கேட்காத கோவில்

நம் தந்தையார் காலமான பின்பு அவருடைய தகரப் பெட்டியிலிருந்து பதினொரு நிழற்படங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் மைப்பேனாவால் எழுதிய ஒரே ஒரு வரி. ‘வேளாங்கண்ணி, 8.9.1974, நல்ல மழை’ என்று ஒன்று. ‘கன்னியாகுமரி, 1977, பிள்ளைக்குக் காய்ச்சல்’ என்று மற்றொன்று. படத்தில் மழையும் தெரியாது, காய்ச்சலும் தெரியாது. கன்னியாகுமரிப் படத்தில் தொப்பி அணிந்து சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளை நாமேதான். அன்று நமக்குக் காய்ச்சல் இருந்தது என்பதை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த வரியைப் படித்தே அறிந்துகொண்டோம்.

இன்று அந்த வரி படத்தின் பின்புறத்திலிருந்து முன்புறத்திற்கு வந்துவிட்டது. இளையோர் அதனைக் ‘கேப்ஷன்’ என்கிறார்கள். நாம் படவரி என்று வைத்துக்கொள்வோம். 2010ஆம் ஆண்டு தோன்றிய இன்ஸ்டாகிராம் ஒரு படத்திற்கு 2200 எழுத்துகள் வரை எழுத இடந்தருகிறதாம். ஆயினும் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது ஓரிரு வரிகளே. மீதியைப் படிக்க விரலால் தொடவேண்டும். அந்த அளவு பொறுமை யாருக்கு இருக்கிறது? எனவே சொல்வதைச் சுருக்கமாகவும், சிரிக்கும்படியாகவும் சொல்லும் ஒரு கலை வளர்ந்திருக்கிறது. இது முற்றிலும் புதியது என்றும் சொல்வதற்கில்லை. பட அஞ்சலட்டைகள் வந்த தொடக்கக் காலத்தில் முகவரிப் பக்கத்தில் செய்தி எழுத அஞ்சல் விதி அனுமதிக்கவில்லை. பிரித்தானியாவில் 1902இல்தான் அந்தப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து எழுத வழி பிறந்தது. அதுவரை ஊர் சுற்றப் போனவர்கள் படத்தின் ஓரத்து வெள்ளை இடத்தில்தான் தங்கள் வேடிக்கைகளை நெருக்கி எழுதினார்கள்.

2025 மே மாதத்தில் நம் பங்கின் இளையோர் முப்பத்தெட்டுப் பேருடன் இராமேசுவரத் தீவுக்கு இரண்டு நாள் பயணம் சென்று வந்தோம். திரும்பி வந்ததும், எடுத்த படங்களுக்குப் படவரிப் போட்டி ஒன்று வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் நாமே. நடுவராக அமர்ந்தவரும் நாமே. மறையுரைகளில் கேட்டறியாத ஊக்கத்தை அந்தப் பிள்ளைகளிடம் அன்று கண்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பேருந்தில் வாய் திறந்தபடி உறங்கும் நால்வரின் படம் ஒன்று. கலாம் ஐயாவின் நினைவிடத்திற்குப் போகும் வழியில் எடுத்தது. அதன் கீழ் ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘கனவு காணச் சொன்னார், பேருந்திலேயே தொடங்கிவிட்டோம்.’ அந்த ஏப்ரலில்தான் திறக்கப்பட்டிருந்த புதிய பாம்பன் பாலத்தின் முன் நின்று எடுத்த படத்திற்கு, ‘நடுப்பாலம் மேலே போகிறது, எங்கள் மதிப்பெண்களும் ஒருநாள் போகும்’ என்றான் ஒரு கல்லூரி மாணவன். கடலோரப் படங்கள் எல்லாவற்றிற்கும் ‘வைட்டமின் சீ’ என்று எழுதி அனுப்பினான் இன்னொருவன். கைபேசியில் தேடினால் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் சரக்கு அது; கடலுக்கும் உயிர்ச்சத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஒலி என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. உழைப்பில்லாத நகைச்சுவைக்குப் பரிசில்லை என்று தள்ளிவிட்டோம்.

முதற்பரிசு பெற்ற படவரியை இங்கே எழுதத் தயங்குகிறோம். எழுதாமலும் முடியாது. தனுஷ்கோடியின் இடிந்த கோவிலுக்குள் நான்கு இளைஞர்கள் கைகளை விரித்து, அண்ணாந்து நிற்கிறார்கள். மேலே கூரை இல்லை, நீல வானம். கீழே வரி: ‘கூரை நிதிக்குக் காணிக்கை கேட்காத ஒரே கோவில்!’

வாசகர்களுக்கு ஒரு செய்தி தெரிய வேண்டும். நம் பங்குக் கோவிலின் கூரை மூன்று ஆண்டுகளாக ஒழுகுகிறது. ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலி முடிவில் அதற்கான அறிவிப்பை நாம் வாசிக்கிறோம், மக்கள் தரையைப் பார்க்கிறார்கள். அந்தக் குத்து நேரே நம்மை நோக்கி வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு குடையைப் பரிசாக அறிவித்து, அடுத்த ஞாயிறு அறிவிப்புகளின்போது அந்த வரியைப் பீடத்தின் முன் நின்று நாமே உரக்க வாசித்தோம். கோவிலே சிரித்தது. நோலா நகரின் புனித பவுலீனுஸ் நினைவுக்கு வந்தார். புனித பெலிக்சின் திருநாளுக்குக் கூடிய நாட்டுப்புற மக்கள் இரவெல்லாம் உண்டு குடித்துக் களிப்பதைக் கண்ட அவர், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சுவரோவியங்கள் வரையச் செய்து, அவற்றின் மேல் விளக்க வரிகளையும் எழுதச் செய்தார். மக்கள் படத்தைப் பார்த்து, வரியை ஒருவருக்கொருவர் படித்துக்காட்டிக்கொண்டிருந்தால் சாப்பாட்டு நினைவு சற்றுத் தள்ளிப்போகும் என்பது அவர் கணக்கு. படமும் வரியும் மக்களைக் கோவிலுக்குள் நிறுத்திவைக்கும் என்பதை நாமும் கண்டுபிடித்துவிட்டதாக அன்று ஒரு பெருமிதம்.

அன்று மதியம் பங்கு இல்லத்தின் திண்ணையில் ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். எழுபது வயதைத் தொட்டவர். நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு வருபவர்; அதிகம் பேசாதவர்.

“சாமி, அந்தக் கோவில் கூரைக்கு எங்க அப்பாவும் காணிக்கை குடுத்தாரு” என்றார்.

கோபம் இல்லை, கண்ணீரும் இல்லை. ஒரு கணக்கைத் திருத்துபவரைப் போலச் சொன்னார். நமக்குப் பேச்சு எழவில்லை. பிறகு சிறிது சிறிதாகச் சொல்லத் தொடங்கினார். அவருடைய தந்தை தனுஷ்கோடித் துறையில் சுமை தூக்கியவர். 1914 முதல் போட் மெயில் வண்டியில் வந்திறங்கிய பயணிகள் அங்கேதான் கப்பலேறித் தலைமன்னாருக்குச் சென்றார்கள். அவர்களுடைய பெட்டிகள் அவர் தோளில் ஏறி இறங்கின. 1964 டிசம்பர் 22ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் புதுத்துணி எடுக்கத் தாயும் மகளும் இராமேசுவரம் போனார்கள். மழையும் காற்றும் வலுக்கவே, தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டார்கள். தந்தை வேலையில் இருந்தார். அந்த இரவு கடல் ஊருக்குள் வந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணி வண்டி, உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு நீரில் போயிற்று. புயலில் மாண்டவர்கள் ஏறத்தாழ 1800 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தச் சிறுமிக்கு ஒருவர்தான் கணக்கு. உடல் கிடைக்கவில்லை. எடுத்த துணியைத் தாய் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

“நான் புதுநன்மை வாங்குன கோவில் சாமி அது. அதுக்கப்புறம் நான் அங்க போகவே இல்ல. ரோடு போட்டுட்டாங்கன்னு சொல்றாங்க.”

ஆம், 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டது. முன்பு மணலில் தடுமாறிச் செல்லும் வண்டிகளில்தான் போக முடியும். இப்போது பேருந்திலிருந்து இறங்கி நடந்தால் கோவில். சங்கு மாலை விற்பவர்கள், மீன் வறுப்பவர்கள், படம் எடுக்க வரிசையில் நிற்பவர்கள். நாம் அங்கே ஏறக்குறைய நாற்பது நிமிடம் இருந்தோம். புயல் செய்தியைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் இல்லை. பேருந்து ஒலிபெருக்கியில், ஆண்டும் எண்ணிக்கையும் சொல்லி, “சீக்கிரம் இறங்குங்கள், வெயில் ஏறுகிறது” என்று முடித்தோம். வறுத்த மீனுக்கு நாம் செலவிட்ட நேரம் அதைவிட அதிகம். பூசை நடந்த இடம் ஒன்றில் நிற்கிறோம் என்ற எண்ணம், ஒரு குருவாகிய நமக்கே அங்கே எழவில்லை. ஒரு சிலுவை அடையாளம்கூட வரைந்தோமா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறோம்.

நான்காம் நூற்றாண்டில் எகேரியா என்றொரு பெண்மணி சீனாய் மலைக்கும் எருசலேமுக்கும் திருப்பயணம் சென்று, தாம் கண்டதை ஊரிலிருந்த தம் சகோதரிகளுக்கு எழுதினார். அந்த ஏட்டின் எஞ்சிய பகுதி 1884இல் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் கிடைத்தது. குருமடத்தில் வழிபாட்டு வரலாற்றுக்காக அதைப் படித்தோம், தேர்வும் எழுதினோம். எந்த இடத்திற்குச் சென்றாலும் அவருடைய குழுவுக்கு ஒரே வழக்கம். முதலில் மன்றாட்டு, பின் அந்த இடத்தைப் பற்றிய விவிலியப் பகுதியை அங்கேயே நின்று வாசித்தல், பொருத்தமான ஒரு திருப்பாடல், மீண்டும் மன்றாட்டு. அவருக்கும் எல்லாவற்றையும் பார்த்துவிடும் ஆசை மிகுதி. அதைத் தாமே சொல்லிக்கொள்கிறார். ஆனால் ஓர் இடத்தில் தம் சொல்லை வைக்கும் முன், அந்த இடத்துக்கு உரிய சொல்லை அங்கே ஒலிக்க விட்டார். இதை நாம் தேர்வுத்தாளில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம்.

கல்வாரியில் பிலாத்து எழுதிவைத்த பலகையும் ஒரு வகையில் படவரிதான். எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மும்மொழியில். நகருக்கு அருகே, பலரும் படிக்கும்படி. திருத்துங்கள் என்று தலைமைக் குருக்கள் கேட்டார்கள், அவன் மறுத்துவிட்டான். இவர்கள் எல்லோரும் வாசகத்தைப் பற்றி வழக்காடிக்கொண்டிருந்தபோது, பலகைக்குக் கீழே தொங்கியவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த இளைஞனை அழைத்துச் சொன்னோம். முகம் வாடிப்போயிற்று. அவன்மேல் குற்றம் இல்லை என்பதையும் சொன்னோம். அவன் கேலி செய்தது நம்மை, வாசித்தவர் நாம். இன்றும் அது நல்ல வரி என்றே நாம் நினைக்கிறோம், குடையைத் திரும்பக் கேட்கவும் இல்லை. நம் கோவிலின் சுவரருகே நின்று அவன் அதைச் சொல்லியிருந்தால் காலத்துக்கும் சொல்லிச் சிரித்திருப்போம். அவன் அன்றிரவே வரியை நீக்கிவிட்டான். மறுநாள் வந்து, “ஃபாதர், வரியை எடுத்ததும் படம் இன்னும் மோசமா இருக்கு. நாங்க நாலு பேரும் எதுக்குச் சிரிக்கிறோம்னே தெரியல” என்றான். பார்த்தோம். உண்மைதான். அந்த வரி இருந்தவரை நாம் நால்வரையே பார்த்திருந்தோம். இப்போது பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. உப்புக்காற்று தின்ற பவளக்கற்கள், பலகணி இருந்த வெற்றிடம், அதன் வழியே மணல்.

இருவருமாக அம்மையார் வீட்டுக்குச் சென்றோம். அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன்பே அவர் காப்பி போட உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் பிளாஸ்டிக் உறை ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளைக் கவுனும் மெழுகுதிரியுமாக ஒரு சிறுமி; பின்னால் கோவில் வாசல். வீட்டிலிருந்த எல்லாமே கடலோடு போய்விட்டன; இது மட்டும் இராமநாதபுரத்தில் இருந்த அத்தைக்கு அஞ்சலில் அனுப்பப்பட்டிருந்ததால் தப்பியது. இளைஞன் படத்தை நெடுநேரம் பார்த்தான். கோவிலின் மேற்பகுதி அதில் விழவில்லை. படம் எடுத்தவர் சிறுமியின் தலைக்கு மேலே சற்று இடம் விட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

“பின்னால திருப்பிப் பாரு தம்பி. அப்பா கையெழுத்து.”

மை பழுப்பாகியிருந்தது. கோணலான எழுத்து, பள்ளிக்கு அதிகம் போகாதவருடைய எழுத்து. அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். ‘பிள்ளை புதுநன்மை வாங்கின படம். இப்போதுதான் கைக்கு வந்தது. கர்த்தர் பிறந்த திருநாளுக்கு எல்லாரும் அவசியம் வரவும். மீன் நிறைய இருக்கிறது.’

“அத்தை இருபத்தி நாலாந்தேதி கிளம்புறதா இருந்தாங்க” என்றார் அம்மையார்.

இளைஞன் அனுமதி கேட்டு, அந்தப் பின்புறத்தைத் தன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டான். அதை எங்கும் வெளியிட்டானா என்று நாம் கேட்கவில்லை. காப்பி ஆறிவிட்டது என்று அவர் கடிந்துகொண்டார், குடித்துவிட்டுப் புறப்பட்டோம்.