இதன் கீழே ஓர் ஊர்!

ஜப்பானின் மேற்குக் கரையில், நீகாட்டா மாகாணத்தில், டகாடா என்று ஒரு பழைய ஊர். இப்போது ஜோயெட்சு நகரத்தோடு சேர்ந்துவிட்டது. முன்னொரு காலத்தில் அங்கே வந்த வழிப்போக்கன் ஊரையே காணாமல் திகைத்தானாம். சுற்றிலும் ஒரே வெண்பனி. நடுவில் ஒரு பலகை மட்டும்: 'இதன் கீழே டகாடா இருக்கிறது!'

கதைதானே என்று சிரித்துவிடாதீர்கள். 1945 பிப்ரவரியில் அங்கே பனி 377 சென்டிமீட்டர் உயரம் கிடந்தது. பன்னிரண்டு அடிக்கு மேல்! ஸைபீரியாவிலிருந்து கிளம்பும் குளிர்காற்று, கடலைத் தாண்டும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, மலையில் முட்டிப் பனியாகக் கொட்டிவிடுகிறது. டகாடாவின் பழைய தெருக்களில் வீட்டு வாசல் தாழ்வாரங்களை ஒன்றோடொன்று தொடுத்துக் கட்டியிருக்கிறார்கள். பனியில் கால் வைக்காமலே நடக்கலாம்.

பார்க்க அழகுதான். ஆனால் கூரையின் கதி? நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு மீட்டர் உள்ள இறுகிய பனி, 300 கிலோ கூட இருக்கும். மேலே ஏறித் தள்ளியே ஆகவேண்டும். இளைஞர்கள் பிழைப்புக்காகப் பட்டணம் போய்விட்டார்கள். ஏறுகிறவர்களில் பலர் தாத்தாக்கள். 2005-06 குளிர்காலத்தில் ஜப்பானில் பனியால் இறந்தவர்கள் 152 பேர். பெரும்பாலோர் பனியை அகற்றப் போனவர்கள். அதிலும் முதியவர்களே அதிகம்.

ஆகவே சில விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தனியாக ஏறக் கூடாது. ஏணியை அசையாமல் கட்ட வேண்டும். தலைக்கவசமும் உடலைப் பிணைக்கும் கயிறும் அவசியம். சட்டைப் பையில் கைபேசி இருக்கட்டும். வெயில் காயும் நாளில்தான் அதிக ஜாக்கிரதை தேவை. பனி இளகிச் சரியும். வீட்டைச் சுற்றித் தரையில் கிடக்கும் பனியை முன்கூட்டியே வழித்துவிடக் கூடாது. தவறி விழுந்தால் அதுதானே மெத்தை!

ஒரு வேடிக்கை கேளுங்கள். பெரிய முறம் போன்ற ஒரு கருவியால் பனியை வாரித் தள்ளுகிறார்கள். அதன் பெயர் 'மாமாசான் டம்ப்'. அங்கே 'மாமா' என்றால் அம்மா! பெண்களும் சுலபமாகத் தள்ளலாம் என்பதால் வந்த பெயர்.

"கொஞ்சம்தானே, நானே முடித்துவிடுகிறேன்" என்று தாத்தா ஏணியை எடுக்கும்போது, "இருங்கள், நானும் வருகிறேன்" என்று சொல்லி, கூரை விளிம்புக்கு எட்ட நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாளே பாட்டி, அவளைவிடப் பெரிய காவல் வேறென்ன?