முதல் ஆர்டரும் அடுத்த ஆர்டரும்

தமிழ்நாட்டின் சிறுநகரங்களில் ஒளிப்படத் தொழிலைத் தொடங்குகிற இளைஞர் எவருக்கும் எந்தக் கேமராவை வாங்குவது என்பதே முதற்கவலையாக இருக்கிறது. தொழிலில் ஊன்றி நின்றவர்களைப் பார்த்தால், அவர்களுடைய பிழைப்பைத் தீர்மானித்தது கருவியைவிட, தம் வீட்டுக் கல்யாணத்தை அவர்களை நம்பி ஒப்படைத்த முதற் குடும்பமும், அக்குடும்பம் அடுத்த விசேஷத்துக்கும் அவர்களையே கூப்பிட்டதா என்பதுமே என்று தெரிகிறது.

ஸ்டூடியோக்களின் காலத்தில் அப்படி நம்பி வரும் குடும்பங்களைத் தேடும் கவலை ஓரளவு தானாகவே தீர்ந்துவிட்டது. பேருந்து நிலையத்தை ஒட்டியோ கடைத்தெருவிலோ இருந்த ஸ்டூடியோவின் வாசலில், சட்டமிட்ட மணமக்கள் படங்களும் குழந்தைகளின் படங்களும் கண்ணாடிக்குள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். விளம்பரம் என்று அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பள்ளிச் சேர்க்கைக்கும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுக்கும் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தபோதே கடைக்காரரை அறிந்துகொண்டார்கள், பின்னர் வீட்டில் காதுகுத்தோ கல்யாணமோ வந்தால் அவரிடமே போனார்கள். செல்பேசியிலேயே கேமரா வந்த பிறகு இந்தச் சிறு வேலைகள் குறைந்தன. இன்று பலர் கடையே இல்லாமல், அழைக்கும் இடத்துக்குப் போய்ப் படமெடுக்கும் ஃப்ரீலான்ஸ் முறையில் தொழிலைத் தொடங்குகிறார்கள். வாசலும் நாற்காலியும் இல்லாத இவர்கள், அவை ஈட்டித் தந்த அறிமுகத்தை வேறு வழியில் ஈட்டியாக வேண்டியிருக்கிறது.

அந்த வழிகளில் பழுதற்றது, ஏற்கெனவே பெயர் எடுத்த ஒருவரிடம் இரண்டாவது கேமராவாக நாள் சம்பளத்துக்குப் போவதுதான். சடங்குகளையும் குடும்பத்தினரின் வரிசைப் படங்களையும் விடாமல் பதிவு செய்யும் வேலையை இத்தொழிலில் டிரெடிஷனல் என்கிறார்கள். யாரையும் நிறுத்திவைக்காமல், அவரவர் தம் போக்கில் இருக்கும்போது எடுப்பது கேண்டிட் எனப்படுகிறது. புதியவர்கள் பெரும்பாலும் கேண்டிட்டையே விரும்பினாலும், சடங்குகளின் முறை தெரியாமல் அதையும் எடுக்க இயலாது, ஏனெனில் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை அறிந்தவரே அது நடக்கும் இடத்தில் முன்கூட்டி நிற்க முடியும். மாலை மாற்றலுக்கும் ஊஞ்சலுக்கும் எந்தப் பக்கம் நிற்பது, தேவாலயத்தில் பீடத்தை எவ்வளவு நெருங்கலாம், நிக்காஹ் நடக்கும்போது பெண்கள் பகுதிக்குள் போகலாமா என்பவையெல்லாம் பக்கத்தில் நின்று கற்க வேண்டியவை.

தாலி கட்டும் நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் இது விளங்கும். ஐயர் கையசைத்ததும் தவில்காரர் கெட்டிமேளத்தைத் தொடங்க, உட்கார்ந்திருந்த கூட்டம் முழுவதும் எழுந்து அட்சதையை வீச, மணமகனின் புறங்கை முடிச்சை மறைக்க, மூன்றாம் முடிச்சுக்காக நாத்தனார் பின்னாலிருந்து குனிய, எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. அனுபவசாலியின் கண் தவில்காரரைப் போலவே ஐயரின் கையில் நிலைத்திருக்கும். சற்று உயரமான இடத்தைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, வீடியோ எடுப்பவரிடம் யார் எங்கே நிற்பது என்பதை அவர் முன்பே பேசி வைத்திருப்பார். ஒளியிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டதாதலால் மண்டபத்தின் டியூப் லைட்டுகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் கண்ணுக்குத் தெரியாமல் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. கேமராவின் திரை திறந்து மூடும் விரைவாகிய ஷட்டர் வேகத்தை மிகவும் கூட்டினால் படத்தின் குறுக்கே கருங்கோடுகள் விழும், நொடியில் 100-ல் ஒரு பங்கு என்ற அளவில் வைத்தால் பெரும்பாலும் விழாது. ஒரே படத்தை இரண்டு மெமரி கார்டுகளில் ஒருசேரப் பதியும் கேமராவை இத்தொழிலில் வற்புறுத்துவதற்குக் காரணமும் இதுவே: தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க வழியில்லை.

அப்படிப்பட்ட கேமராவைக் கடனில் வாங்க வேண்டியதில்லை. சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களில் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் கல்யாணம் நடப்பதில்லை, மாதத் தவணையோ நிற்பதில்லை. திறமையுள்ள பலரை இத்தொழிலிலிருந்து வெளியேற்றியது இந்தத் தவணைதான் என்பதைத் தொடங்குகிறவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

வாடிக்கையாளர் வந்து சேரும் வழியைப் பற்றியும் ஒரு மயக்கம் நிலவுகிறது. இன்ஸ்டாகிராமில் படம் போடுவது தேவைதான், பழைய ஸ்டூடியோ வாசலின் கண்ணாடிக்கு இன்று அதுவே ஈடு. ஆயினும் கல்யாணச் செலவை முடிவு செய்யும் பெரியவர்கள், உறவினர் வீட்டு ஆல்பத்தைப் புரட்டும்போது ‘இது யார் எடுத்தது?’ என்று கேட்டுத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்தபடியாக மண்டப மேலாளரும், மணப்பெண் அலங்காரம் செய்பவரும், பத்திரிகை அடிக்கும் அச்சகத்தாரும் பெயரைச் சொல்லி அனுப்புகிறார்கள். இவர்கள் யாவரும் பார்ப்பது ஒன்றுதான்: சொன்ன நேரத்துக்கு வந்தாரா, பந்தியிலும் மேடையிலும் மரியாதையாக நடந்துகொண்டாரா. பழக்கத்துக்காக ஒன்றிரண்டு நெருங்கிய உறவினர் வீடுகளில் இலவசமாக எடுப்பதில் தவறில்லை, ஆனால் பெயர் பரவும் என்ற நம்பிக்கையில் அதைத் தொடர்பவருக்கு இலவசமாக எடுப்பவர் என்ற பெயரே பரவுகிறது. கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிடுவதைவிட, அக்கட்டணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், 12-க்கு 36 அங்குல விரிப்பில் எத்தனை பக்க ஆல்பம், எந்தத் தேதிக்குள் தரப்படும் என்று எழுதிக் கொடுப்பதே புதியவருக்கு மதிப்பைத் தருகிறது.

எழுதிக்கொள்வதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே. எனவே வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணப் படத்தைத் தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்த விரும்புகிறவர் அதற்கான இசைவை அட்வான்ஸ் வாங்கும் அன்றே எழுத்தில் பெறுவது நல்லது. சட்டம் ஒருபுறமிருக்க, மணப்பெண்ணிடம் கேட்காமல் அவருடைய முகத்தை ஊரறியக் காட்டுவது முறையன்று.

இத்தனைக்கும் மேலாக, ஒரு குடும்பத்தை நெடுங்காலம் தம்மோடு பிணைத்துக்கொள்ளும் வேலை ஒன்று உண்டு, கட்டணப் பட்டியலில் அது இருப்பதே இல்லை. தமிழ் வீடுகளின் சுவரில் மாலையோடு தொங்கும் பெரியவர்களின் படங்களை உற்றுப் பார்த்தால், அவற்றில் பல ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை என்பது தெரியும். தோளருகே இன்னொருவரின் சேலை விளிம்பு ஒட்டிக்கொண்டிருக்கும், பார்வை வேறெங்கோ இருக்கும், பெரிதாக்கியதில் முகம் மங்கியிருக்கும். தனியாகப் படமெடுத்துக்கொள்ளும் வழக்கம் அந்தத் தலைமுறையில் பலருக்கு இல்லாததால், துக்க வீட்டார் அவசரமாக ஆல்பத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்டத்தின் துணையோடு, தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்பதிவு செய்திருக்கிறது. சாதாரணக் குடும்பங்களின் முகங்கள் ஆய்வாளர்கள் தேடிப் போகும் செல்வமாகிவிட்டன என்பதற்கு இது சான்று. ஆகவே முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும் வேளையில், வீட்டின் தாத்தா பாட்டிகளையும், பெரியப்பா அத்தைமார்களையும் ஜன்னல் வெளிச்சம் விழும் வெற்றுச் சுவரோரம் ஒவ்வொருவராக உட்காரவைத்து, தோளும் முகமும் தெளியத் தனிப்படம் எடுத்துவிடுகிற ஒளிப்படக்காரர் அக்குடும்பத்துக்குச் செய்வது சிறு உதவியன்று. ஆளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாத இந்த வேலையை மணமக்கள் கேட்கமாட்டார்கள், கேட்கத் தோன்றாது. அந்தப் படத்துக்காகச் சில ஆண்டுகள் கழித்துத் தேடி வருகிறவர்கள் பேரனின் காதுகுத்துக்கும் பேத்தியின் மஞ்சள் நீராட்டுக்கும் வேறு யாரிடமும் போவதில்லை.

அப்படித் தேடி வரும்போது படம் இருக்கவும் வேண்டும். விசேஷம் முடிந்த இரவே எல்லாவற்றையும் இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வைக்கும் பழக்கம் முதல் வேலையிலேயே தொடங்க வேண்டியது. ஆல்பம் தாமதமாவதோ பெரும்பாலும் படங்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில்தான். ஆயிரக்கணக்கான படங்களை அப்படியே கொடுத்து ஆல்பத்துக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எந்தக் குடும்பத்துக்கும் கை ஓடுவதில்லை, மாதங்கள் கடக்கின்றன, மனத்தாங்கல் வளர்கிறது. நல்லவற்றைத் தாமே வடித்து, ஒரு சில நூறாகக் குறைத்து, தேர்வுக்கு நாளும் குறித்துக் கொடுப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. இத்தொழிலில் இறங்குகிறவர்கள் புதிய லென்ஸுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், முதல் ஆர்டரின் ஆல்பத்தை ஒப்புக்கொண்ட தேதிக்குள் தம் கையாலேயே அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.