கண்ணமங்கலம்: தறி ஓடும் வீடுகள்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் சுமார் 25 கிலோமீட்டரில் கண்ணமங்கலம். பஸ்ஸில் போகிற பலருக்கு இது படவேட்டுக்கு முன்னால் வரும் ஊர், அவ்வளவுதான். ஆடி வெள்ளியில் அங்கே ரேணுகாம்பாள் அம்மனைப் பார்க்கப் போகும் கூட்டம் இந்த வழியாகத்தான் நெரிபடும். மேற்கே ஜவ்வாது மலை. பக்கத்தில் நாகநதி, மழை பெய்தால் ஆறு, இல்லாவிட்டால் மணல். கிழக்கே பிரிகிற சாலை ஆரணிக்கு. பட்டுக்குப் பேர்போன ஆரணிக்குள் ரயில் கிடையாது. ‘ஆரணி ரோடு’ ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். பேரூராட்சியான கண்ணமங்கலத்துக்கோ காட்பாடி–விழுப்புரம் பாதையில் சொந்தப் பேரிலேயே ஸ்டேஷன்!

ஆரணிப் பட்டு என்று கடையில் விரிக்கிற சேலையெல்லாம் ஆரணி நகருக்குள் நெய்ததல்ல. ஒண்ணுபுரம், தேவிகாபுரம், கண்ணமங்கலம் என்று சுற்றுவட்டார வீடுகளில் நெய்ததும் அதில் சேரும். பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து. காஞ்சிப் பட்டைவிட எடை குறைவு. கல்யாணத்துக்குக் காஞ்சிபுரம், மற்ற விசேஷங்களுக்கு ஆரணி என்று பிரித்து வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு.

இங்கே பார்க்க வேண்டியது கோபுரமோ கோட்டையோ அல்ல, வீடுகள். அதனாலேயே வருகிறவர் கொஞ்சம் முறை தெரிந்து வர வேண்டும். பிஜித் தீவின் பழைய கிராமங்களில் வெளியூர்க்காரர் நேராக உள்ளே நுழைந்துவிட முடியாது. யங்கோனா வேரைக் கொண்டுபோய் ஊர்த்தலைவர் முன் வைத்து அனுமதி கேட்க வேண்டும். தொப்பியைக் கழற்ற வேண்டும். முழங்கால் மறைய உடுத்த வேண்டும். பிஜியை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு: 1903 முதல் சென்னையில் கப்பலேறி அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களில் வட ஆர்க்காடு ஜில்லாக்காரர்கள் கணிசம். 1989-ல் திருவண்ணாமலை மாவட்டம் பிரியும்வரை கண்ணமங்கலமும் வட ஆர்க்காடுதான்.

நெசவாளர் வீட்டுக்கு வேர் எதுவும் கொண்டுபோக வேண்டாம். செருப்பை வாசலில் விட்டு, குரல் கொடுத்தால் போதும். “வாங்க, சேலை எடுக்கவா, சும்மா பாக்கவா?” என்று கேட்பார்கள். சும்மா பார்க்க என்றாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். போனை எடுத்துப் படம் பிடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். தறியில் இருக்கிற டிசைன் முதலாளி கொடுத்ததாக இருக்கும், வெளியே போனால் திட்டு விழுவது நெய்கிறவருக்கு. தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூலைத் தாண்டாதீர்கள்.

குழித்தறியில் நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டிருப்பார். மிதியை அழுத்தியதும் பாவு இரண்டாகப் பிளக்கும். ஊடை நூலோடு நாடா குறுக்கே ஓடும். பலகை ஒருமுறை அடிக்கும். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகப் புரளும். பக்கத்தில் ராட்டையோடு வீட்டுக்காரம்மா தார் சுற்றிக்கொண்டிருப்பார். நாடாவில் நூல் தீரும்போது அடுத்த தார் தயாராக இருக்க வேண்டும். கூலிக் கணக்கில் அவர் பேர் வருவது அபூர்வம். அது நியாயமாக எனக்குப் படவில்லை. ஐப்பசி மழையில் குழி ஈரம் கண்டு தறி நின்றுபோனால் அந்த நாளுக்குக் கூலியும் இல்லை.

1985-ம் ஆண்டு கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் பார்டர் போட்ட பட்டுச் சேலையைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியது. ஆனாலும் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பேரில் விற்பனைக்கு வருகிறது என்பது ஆரணி வட்டார நெசவாளர்களின் நெடுநாள் புகார். போராடியும் பார்த்துவிட்டார்கள். விலையைக் கேட்டு, “இதைவிடக் குறைச்சலாக் கடையில கிடைக்குதே” என்று சொல்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

வருவதானால் காலையிலேயே வந்துவிடுங்கள். அமாவாசையில் மட்டும் வேண்டாம். பல வீடுகளில் அன்று தறிக்கு லீவு.