டயர்ட் ஆஃபா, டயர்ட் ஃப்ரமா?

போன மாசம் ஒரு ஆடிட் ஆபீஸ்ல இருந்து ட்ரெய்னி எடுக்க எங்க காலேஜுக்கு வந்திருந்தாங்க. "சாயங்காலம் என்ன பண்ணுவீங்க?"ன்னு ஒரு மேடம் இங்கிலீஷ்ல கேட்டாங்க. அப்பாவோட மளிகைக் கடையில ராத்திரி பத்து மணி வரைக்கும் பொட்டலம் மடிப்பேன், களைச்சுப் போய்தான் புஸ்தகத்தைத் திறப்பேன்னு சொல்ல நினைச்சேன். வாயில வந்தது: "ஐ ஆம் டயர்ட் ஆஃப் மை ஃபாதர்ஸ் ஷாப்."

மேடம் பேனாவைக் கீழ வெச்சாங்க. "ஏன், அப்பா கடை பிடிக்கலையா?"

எனக்கு ஒண்ணும் புரியலை. முழிச்சேன். வேலையும் கிடைக்கலை.

வீட்டுக்கு வந்து ரென் அண்ட் மார்ட்டினைத் தூசி தட்டி, டிக்‌ஷனரியையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு உட்கார்ந்தப்பதான் உறைச்சது. வேலை பார்த்துக் களைச்சா டயர்ட் ஃப்ரம். சலிச்சுப் போனா டயர்ட் ஆஃப். நமக்குக் களைப்பு வேற, சலிப்பு வேற. இங்கிலீஷ்காரன் ஒரே வார்த்தையை வெச்சுக்கிட்டு, பின்னாடி ஒட்டுற துக்கடா வார்த்தையில அர்த்தத்தையே மாத்திடறான்.

நாம தப்பா சொல்றதும் சும்மா இல்லீங்க. உள்ளே தமிழ் வேற்றுமை உருபு உட்கார்ந்திருக்கு. 'அவன் மேல கோபம்'னு சொல்லிப் பழகின வாய், ஆங்ரி ஆன் ஹிம்னுதான் சொல்லும். அது ஆங்ரி வித். 'கணக்குல புலி'ங்கிறதால குட் இன் மேத்ஸ்; அவங்க குட் அட்ங்கிறாங்க. 'என்னை விட சீனியர்'ங்கிறதால சீனியர் தேன் மீ. ஆனா சீனியர்ங்கிற லத்தீன் வார்த்தைக்கே 'இன்னும் மூத்த'ன்னுதான் அர்த்தம். 'விட' ஏற்கனவே உள்ளே இருக்கு, அதனால டு போதும். 'அவளோட கல்யாணம்' மேரீட் வித் ஆகாது, மேரீட் டு. என்ன வித்தியாசம்னு கல்யாணம் ஆனவங்களைத்தான் கேக்கணும் :-)

எங்க பி.காம் பாடத்துலயே ஒண்ணு இருக்கு. பார்ட்னர்ஷிப்ல கடனுக்குப் பொறுப்புன்னா லயபிள் ஃபார். கடன் கொடுத்தவருக்குப் பொறுப்புன்னா லயபிள் டு. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே 'கு'தான். ரெண்டு வருஷமா இதை மாத்தி மாத்தி எழுதியே பாஸாகியிருக்கேன்!

இதுக்கெல்லாம் பொது விதி ஒண்ணு இருக்கும்னு தேடினேன். பெருசா ஒண்ணும் சிக்கலை. டிபெண்டென்ட் ஆன், முன்னாடி ஒரு 'இன்' சேர்த்தா இன்டிபெண்டென்ட் ஆஃப். இதுக்கு என்ன லாஜிக்கைச் சொல்ல? ஜோடியா மனப்பாடம் பண்றதுதான் வழி.

அன்னைக்கு ராத்திரி தராசுக்குப் பின்னாடி இருந்து அப்பா கேட்டார், "என்னடா கேட்டாங்க?"

"கடையைப் பத்திக் கேட்டாங்கப்பா."

"என்ன சொன்னே?"

"நல்லாப் போகுதுன்னு சொன்னேன்."

மேடம் கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட நேரான பதில் இல்லை. ராத்திரி ஷட்டரை இழுத்து விடறப்ப ஃப்ரம்தான். ஞாயித்துக்கிழமை காலையில பசங்க பேட்டைத் தூக்கிக்கிட்டு கடை வாசல்ல போறப்ப, ஆஃப் மாதிரிதான் இருக்கு.