அந்நிய நிலத்திற் கின்னரம்

யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்துக் குடும்பமொன்றிற் பிறந்தவன் நான். மாலையில் விளக்கேற்றியதும் பாயில் அமர்ந்து கீர்த்தனை பாடி, சங்கீதமொன்றை வாசித்து, அதன் பின்னரே உண்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்கள் எழுத்தறியுமுன்னரே எமக்கு மனனமாயின. ஆதலால், 2011ஆம் ஆண்டில் ஆராய்ச்சிப் படிப்பின் பொருட்டு இங்கிலாந்தின் வடபகுதி நகரொன்றுக்குப் புறப்பட்டபோது, என் சைவ நண்பர்களிலும் பார்க்க எனக்கு அந்நாடு எளிதில் வசப்படும் என்றே எண்ணினேன். அங்கும் தேவாலயம் உண்டு; அதே வேதாகமம்; அதே இறைவன்.

அவ்வெண்ணம் முதல் மாரிகாலத்தைத் தாண்டவில்லை. பிற்பகல் நான்கு மணிக்கே இருண்டுவிடும் ஊர் அது. ஆராதனையில் ஒருவருக்கொருவர் எட்டியே அமர்ந்தனர். முடிந்ததும் தேநீர் அருந்தி, காலநிலை பற்றி உரையாடிப் பிரிந்தனர். அவர்கள் அன்பற்றவர்கள் அல்லர். அன்பைக் காட்டும் முறை வேறு. அதனை வாசிக்க நான் அறிந்திருக்கவில்லை. ஆங்கிலத்தில் ஜெபித்தபோது விண்ணப்பப் படிவம் ஒன்றை நிரப்புவது போன்றிருந்தது. தமிழில் ஜெபித்தாலோ தொண்டை அடைத்தது. ஞாயிறுதோறும் அம்மா தொலைபேசியில், “சாப்பிட்டனியே தம்பி?” என்று கேட்பார். “ஓமம்மா, சுகமாய் இருக்கிறன்” என்பேன். விசுவாசியொருவன் துயருற்றிருத்தல் ஆகாது என்ற எண்ணம் எனக்குள் ஆழ வேரோடியிருந்தது.

இவ்வெண்ணத்தால் நான் எனக்கு மட்டுமன்றிப் பிறருக்கும் தீங்கு செய்தேன். மலையகத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அதே பல்கலைக்கழகத்திற் பயின்றார், அவரும் கிறித்தவர். ஓரிரவு நான் சமைத்துக்கொண்டிருந்தவேளை வந்து, தம்மால் ஜெபிக்க முடியவில்லை, உறக்கமுமில்லை என்றார். தாம் எங்கு சென்றாலும் ‘வந்தவன்’ என்றே நோக்கப்படுவதாகவும் கூறினார். எப்பொழுதும் சந்தோஷமாயிருக்கும்படி பிலிப்பியருக்குப் பவுல் எழுதியதை எடுத்துக்காட்டி, நன்றியுணர்வு குறைந்தமையே காரணம் என்று நான் விளக்கினேன். “சரிண்ணே” என்று எழுந்து சென்றார். அதன் பின் அவர் என் அறைக்கு வரவில்லை.

அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில், பிழைப்போமென்ற நம்பிக்கையே அற்றுப்போகுமளவுக்குத் தாம் நெருக்குண்டதை ஒளிக்காமற் கூறுகின்றார். அந்தப் பகுதி அன்றிரவு எனக்கு நினைவுக்கு வரவில்லை.

மறு ஆண்டு என் முறை வந்தது. மூன்று வாரங்கள் நூலகம் செல்லவில்லை, தேவாலயமும் செல்லவில்லை. என்னைத் தேடி வந்தவர் பாடகர் குழுவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர். ஆபிரிக்க நாடொன்றில் நெடுங்காலம் தாதியாகப் பணியாற்றித் திரும்பியவர். திரும்பிய பின்னர் தம் சொந்த ஊரே தமக்கு அந்நியமாய்ப்போயிற்று என்று பின்னொருநாள் கூறினார். அன்று அவர் வேதவசனம் எதுவும் கூறவில்லை. பாணும் சூப்பும் கொணர்ந்திருந்தார். உண்ணச் செய்தார், உறங்குமாறு பணித்தார், மறுநாள் பல்கலைக்கழக உளவளத்துணையாளரிடம் தாமே அழைத்துச் சென்றார்.

எலியாவின் வரலாற்றை நான் உள்ளபடி வாசித்தது அதற்குப் பின்னரே. வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிக் கிடந்த தீர்க்கதரிசியைத் தூதன் கண்டிக்கவில்லை. தழலிற் சுட்ட அடையும் நீரும் கொடுத்து உறங்கவிட்டான். மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தான். இறைவனின் வினா ஓரேப் மலையிலேதான் வருகின்றது. சங்கீதங்களையும் அவ்வாறே புதிதாய் வாசித்தேன். நூற்றைம்பதிற் பல முறையீடும் புலம்பலுமே. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகின்றது. ஆறுதலாக ஒரு வரியேனும் இறுதியில் இல்லை. 137ஆம் சங்கீதத்திலோ, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றோர் கின்னரங்களை மரங்களில் தூக்கிவிட்டு, அந்நிய நிலத்திற் பாட இயலாது என்கின்றனர். பாட மறுத்தவரின் வார்த்தையே பின்னர் ஆலயத்திற் பாடப்படும் பாட்டாயிற்று. மாலைதோறும் வீட்டில் வாசித்த நூலில் இவை இருந்தன. வாய் வாசித்தது, மனம் கேட்கவில்லை.

உளநோய்க்கு மருத்துவரை நாடுதல் விசுவாசக் குறைவு என்று கருதுவோர் எம் சபைகளில் இன்றும் உளர். மானிப்பாயை அறிந்த யாழ்ப்பாணத்துக் கிறித்தவர் இவ்வாறு கருதுவது எனக்கு வியப்பாகவே உள்ளது. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், நற்செய்தியையும் மருந்தையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கொள்ளவில்லை. மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கிறித்தவராவோர் தம் உடையையும் வழக்கங்களையும் கைவிட வேண்டியதில்லை என்பதும் அவர் கொள்கை. உடல்நலங் குன்றி 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை மசாச்சூசெட்சின் வூஸ்டரிலிருந்து தமிழ் மருத்துவ நூற்பணியைத் தொடர்ந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றே அவரது கல்லறை அவரைக் குறிக்கின்றது. அங்கே அவர் எம்மொழியில் ஜெபித்திருப்பார் என்று நான் சில வேளைகளில் நினைப்பதுண்டு.

என் துயர் முற்றாக நீங்கிற்று எனக் கூறேன். அதனைத் தமிழிற் சொல்லவும், இறைவனிடமே முறையிடவும் கற்றுக்கொண்டேன். அம்மாவிடமும் ஒரு ஞாயிறு உண்மையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, பின், “உன்ரை அப்பு கொழும்பிலை வேலைக்குப் போன முதல் வருஷமும் இப்பிடித்தான் அழுதவர்” என்றார். அதை அவர் அதற்கு முன் எவரிடமும் சொன்னதில்லை.

மலையக நண்பரை 2016இற் கொழும்பில் மீண்டும் சந்தித்தேன். அவர் அப்போது நலமாயிருந்தார். அன்றிரவு நான் செய்த உபதேசத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். அது தமக்கு நினைவேயில்லை என்றார். பின்னர் சிரித்துக்கொண்டு சொன்னார்: “அன்னைக்கு உங்க அறையில பருப்பு வாசம் வந்துச்சுண்ணே. சாப்பிடச் சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”